ஆவுடைத்தாய் பின்னிய உறிகள்

விருதுநகர்
13 ஜூலை 2024

அன்பு மாறாத அத்தைக்கு,

சுகிர்தா எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, காது இரைச்சல் குறைந்ததா என்று உடனே எழுதுங்கள். போனில் பேசலாம் என்றால் உங்களுக்குக் கேட்காது. அந்தப் பட்டன் போனுக்கு மெசேஜ் போட்டால் பக்கத்து வீட்டு வீரலட்சுமி அக்கா படித்து, தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் உங்களிடம் காட்டுவாள். அதனால்தான் கடிதம். இசக்கிப்பாண்டி அண்ணன் சனிக்கிழமை தோறும் நம் ஊரிலிருந்து மிளகாய் லோடு ஏற்றிக்கொண்டு, அப்பா வேலை பார்க்கிற கடைக்குத்தான் வருகிறார். அவரிடம் இந்தப் பையைக் கொடுத்துவிடுகிறேன்.

பைக்குள் ஏன் இவ்வளவு கயிறு என்று கேட்பீர்கள். பயராபீஸில் பட்டாசு மருந்து வெடித்த விபத்தில் உங்கள் மகன் போனதும் உங்கள் காது போனதும் ஒரே நாள். முதல் வருஷத் திதி முடிந்ததும் அப்பா என்னை இங்கே கூட்டி வந்துவிட்டார். வந்த நாளிலிருந்து சும்மா உட்கார்ந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல் இருந்தது. யூடியூப் பார்த்து மேக்ரமே என்று ஒன்று கற்றுக்கொண்டேன். கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பின்னி, செடித்தொட்டியைத் தொங்கவிடுகிற வேலை. மதுரை ரோட்டில் ஒரு நர்சரிக்காரர் நான் செய்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு இன்னும் கேட்கிறார். நீங்களும் அங்கே தனியாகத்தானே இருக்கிறீர்கள். கைக்கு ஒரு வேலை இருக்கட்டும்.

முதலில் தொங்கவேண்டிய நீளத்தைப் போல ஆறு மடங்கு நீளத்தில் எட்டுக் கயிறு வெட்டுங்கள். மடிப்பிலும் முடிச்சிலும் பாதிக்கு மேல் போய்விடும். எட்டுக் கயிற்றையும் பாதியாக மடித்து, பையில் இருக்கிற வளையத்தில் மாட்டினால் பதினாறு இழை தொங்கும். நாலு நாலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் நடு இழை இரண்டும் சும்மா நிற்கட்டும், ஓரத்து இழைகள்தான் வேலை செய்யும். இடது ஓரத்தை நடு இழைகளுக்கு மேலே போடுங்கள். வலது ஓரத்தை அதன்மேல் போட்டு, நடு இழைகளுக்கு அடியில் கொண்டுபோய், இடது பக்க வளைவுக்குள் மேலே இழுங்கள். அடுத்த முடிச்சை வலது பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரே பக்கமாகப் போட்டால் பின்னல் முறுக்கிக்கொள்ளும். ஒரு முழம் பின்னியதும் ஒரு சாண் விட்டு, பக்கத்துப் பிரிவிலிருந்து இரண்டிரண்டு இழை சேர்த்து முடிச்சுப் போட்டால் வலை மாதிரி வரும். தொட்டி அதில்தான் உட்காரும். அடியில் எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றிக் கட்டிவிட்டால் முடிந்தது.

எல்லோரும் நைலான் கயிறுதான் வாங்கச் சொல்கிறார்கள். மழைக்குத் தாங்குமாம். ஆனால் நுனி பிரியாமல் இருக்க நெருப்பில் காட்டி உருக்க வேண்டும். அதனால் உங்களுக்குப் பருத்திக் கயிறாகவே வாங்கினேன்.

மூன்று வேளையும் சாப்பிடுங்கள். காலையில் வெறும் காப்பியோடு நிறுத்துகிறீர்கள் என்று இசக்கிப்பாண்டி அண்ணன் சொன்னார்.

உங்கள் மருமகள்
சுகிர்தா


ஏழாயிரம்பண்ணை
26 ஜூலை 2024

அம்மாடி சுகிர்தா,

நல்லா இரு. கயிறும் கடிதமும் வந்து சேர்ந்தன. எனக்கு உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. காதுக்குள் மட்டும் மில்லுச் சங்கு ஓயாமல் ஊதுகிறது. ஊதிவிட்டுப் போகட்டும். இசக்கிப்பாண்டி லோடு ஏற்றுகிற வேலையை விட்டுவிட்டு என் வீட்டுக் காப்பியைக் கணக்கெடுக்கிறானாக்கும். வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

வாயில் நுழையாத பேர் ஒன்று எழுதியிருக்கிறாய். படித்துப் பார்த்தால் உறி. பூனைக்குப் பயந்து மோர்ச்சட்டியைத் தொங்கவிடுவோமே, அதே உறிதான். இதற்கு ஒரு யூடியூப், அதைப் பார்க்க ஒரு போன், கற்றுக்கொடுக்க என் மருமகள். நல்ல கூத்து.

ஆறு மடங்கு வெட்டச் சொன்னாய். புதுக் கயிற்றைப் பார்த்ததும் மனசு வரவில்லை. டவுன்காரர்கள் வீணடிப்பார்கள், நமக்கு மூன்று மடங்கு போதும் என்று வெட்டினேன். பாதிப் பின்னலிலேயே கயிறு தீர்ந்து, காப்பி டம்ளர் வைக்கிற அளவுக்கு ஒன்று வந்தது. வீரலட்சுமி பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் கேட்கவில்லை, பல்லெல்லாம் தெரிந்தது. பிறகு நீ சொன்னபடியே வெட்டி மூன்று உறி பின்னி அனுப்பியிருக்கிறேன். அவளுக்கும் கற்றுக்கொள்ள ஆசை. முதலில் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கக் கற்றுக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

பருத்திக் கயிறு வாங்கினாய் பார், நல்ல காரியம் செய்தாய். இந்த வீட்டில் தீப்பெட்டி வாங்குவதே இல்லை. சாமிக்கு விளக்குக்கூட வீரலட்சுமிதான் வந்து ஏற்றிவிட்டுப் போகிறாள்.

உன்னைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே. இளைத்துப்போனாயா? தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா? என் மகன் பொண்டாட்டி எலும்பும் தோலுமாக நின்றால் ஊர் என்னைத்தான் பேசும். அடுத்த கடிதத்தில் உன் சமாச்சாரம் வரவேண்டும், முடிச்சு சமாச்சாரம் பிறகு.

உன் அத்தை
ஆவுடைத்தாய்


விருதுநகர்
10 ஆகஸ்ட் 2024

அன்பான அத்தைக்கு,

ஒன்று சொல்வேன், கோபப்படக் கூடாது. நீங்கள் அனுப்பிய மூன்றும் பார்க்க அவ்வளவு அழகு. நர்சரிக்காரரே தூக்கித் தூக்கிப் பார்த்தார். ஆனால் ஒன்றை வாங்கிப்போன டீச்சர் வீட்டில், தண்ணீர் ஊற்றியதும் தொட்டி கனத்து, முடிச்சு ஒவ்வொன்றாக இளகி, தொட்டி கீழே விழுந்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. மற்ற இரண்டையும் நான் கையால் இழுத்துப் பார்த்தேன். எல்லா முடிச்சும் லூசாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு முடிச்சையும் நன்றாக வெடுக்கென்று இழுத்து இறுக்குங்கள் அத்தை. கயிறு அறுந்தால் அறுந்துவிட்டுப் போகிறது.

என் சமாச்சாரம் கேட்டீர்கள். இளைக்கவில்லை, எண்ணெய் வைக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஆமத்தூரிலிருந்து சில பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அதற்கு மேல் எழுத இன்று கை வரவில்லை. அடுத்த வாரம் அப்பா உங்களைப் பார்க்க வருகிறார். அவர் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

உங்கள் மருமகள்
சுகிர்தா


ஏழாயிரம்பண்ணை
24 ஆகஸ்ட் 2024

அம்மாடி சுகிர்தா,

தொட்டி விழுந்தது என்று படித்ததும் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டேன். அந்த டீச்சர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

ஆனால் நான் சோம்பேறித்தனத்தில் லூசாக விட்டேன் என்று நினைக்காதே. பதினாறு வயதில் பயராபீசுக்குள் போனவள் நான். முதல் நாளே போர்மேன் சொன்னது, இழுக்காதே, தேய்க்காதே, வெடுக்கென்று அசைக்காதே. மருந்து பட்ட திரியைத் தூங்குகிற பிள்ளையைத் தொடுகிற மாதிரித் தொட வேண்டும். அப்படியே பழகிப்போன கை. கயிற்றை இழுத்து இறுக்கப் போனால் விரல் தானாக நின்றுவிடுகிறது. இது வெடிக்காது என்று கைக்கு யார் சொல்வது? இப்போது வளையத்தைக் கட்டில் காலில் மாட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுக்கிறேன். இருந்தாலும் இறுகிவிட்டது. இந்தத் தடவை அனுப்புகிற இரண்டையும் வீரலட்சுமி தொங்கிப் பார்த்தாள். தாங்குகிறது.

உன் அப்பா வந்தார். சேவும் பக்கோடாவும் வாங்கிவந்திருந்தார், பாவம் எதற்கு வீண் செலவு. காப்பி கொடுத்தேன். எதிரில் உட்கார்ந்து ரொம்ப நேரம் என்னமோ சொன்னார். எனக்குத்தான் கேட்காதே. மழையைப் பற்றிக் கேட்கிறார் போல என்று நினைத்து, இந்த வருசமும் ஏமாத்திருச்சு சம்பந்தி என்றேன். மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். கம்மாயில் சொட்டுத் தண்ணி இல்லை என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். முகம் ஒரு மாதிரி வாடியிருந்தது. சுகர் கூடியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்.

உன் அத்தை
ஆவுடைத்தாய்


விருதுநகர்
14 செப்டம்பர் 2024

அன்பு அத்தைக்கு,

கம்மாய்க் கதையை அப்பா வந்து சொன்னபோது முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அழுகை வந்தது. அத்தை, உங்களுக்கு உதட்டைப் பார்த்தே பேச்சு விளங்கும். டிவியில் செய்தி வாசிக்கிறவர் என்ன சொல்கிறார் என்று, சத்தமே வைக்காமல் எனக்குச் சொன்னவர் நீங்கள். அப்பா முகத்துக்கு நேரே உட்கார்ந்து சொன்னது மட்டும் விளங்காமல் போய்விட்டதா? சரி, நானே எழுதுகிறேன். காகிதத்தில் இருப்பதைக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது.

ஆமத்தூரில் முனியராஜ் என்று ஒருவர். சிவகாசியில் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறார். அவருடைய மனைவியும் பிள்ளையும் பிரசவத்திலேயே போய்விட்டார்கள். அவருக்கு என்னைக் கேட்டு வந்திருக்கிறார்கள். சீர், நகை எதுவும் வேண்டாமாம். ஆனால் அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பெண்ணை முதலில் கட்டிய வீட்டிலிருந்து மூத்த ஆள் ஒருவர் வந்து, சம்மதம் என்று வாயால் சொல்ல வேண்டும். அந்த வார்த்தை வராமல் தாலி எடுக்க மாட்டார்கள். நம் வீட்டில் மூத்த ஆள் என்றால் நீங்கள் ஒருவர்தான்.

இதை நான் தேடிப் போகவில்லை. ஆனால் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. எனக்கு இருபத்தெட்டு வயது அத்தை. அவர்கள் வந்த அன்று வாசலில் தொங்கிய உறியை அவர் நின்று பார்த்தார். 'இது எம்புட்டு வெயிட் தாங்கும்?' என்று கேட்டார். 'உங்களை வைக்க முடியாது' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். உங்கள் மகன் போனதிலிருந்து நான் சிரித்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வந்தவர்கள் கிளம்பியதும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு எப்படிச் சிரிப்பு வந்தது என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். ஒரு வரி எழுதுங்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏழாயிரம்பண்ணைக்கே வந்துவிடுகிறேன். உங்களோடு உட்கார்ந்து உறி பின்னிக்கொண்டு காலத்தை ஓட்டுவேன். ஒருநாளும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன், இது சத்தியம்.

உங்கள் மருமகள்
சுகிர்தா


ஏழாயிரம்பண்ணை
28 செப்டம்பர் 2024

சுகிர்தாவுக்கு,

உன் கடிதத்தைத் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். எல்லாம் ஊறி மை கலைந்துபோயிற்று. மேலே அத்தை என்பது மட்டும்தான் தெரிந்தது. முக்கியமாக எதுவும் எழுதியிருந்தால் தீபாவளி கழியட்டும், பார்த்துக்கொள்ளலாம். இப்போது சீசன், ஊரில் ஒருவருக்கும் நின்று பேச நேரம் இல்லை.

ஆறு உறி அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு முடிச்சும் கல்லு மாதிரி இறுக்கியிருக்கிறேன். இனி யாரும் பிரிக்க முடியாது. வளையம் தீர்ந்துவிட்டது, கொடுத்துவிடு.

உன் அத்தை
ஆவுடைத்தாய்


விருதுநகர்
5 அக்டோபர் 2024

அத்தை,

மிளகாய் மூட்டையில் நம்பர் போடுகிற மார்க்கரால் எழுதுகிறேன். இது தண்ணீரில் ஊறாது.

நான் முனியராஜைக் கட்டிக்கொள்ளட்டுமா, வேண்டாமா?

உங்கள் மருமகள்
சுகிர்தா


ஏழாயிரம்பண்ணை
9 நவம்பர் 2024

அம்மாடி சுகிர்தா,

ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் இல்லை என்று தவித்துப்போயிருப்பாய். இசக்கிப்பாண்டி ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலில் வந்து கையை நீட்டுவான். நான் தலையை ஆட்டி அனுப்பிவிடுவேன். இன்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். என் மேல் கோபம் வந்தாலும் முழுசாகப் படி.

உன் கடிதம் தண்ணீரில் விழவே இல்லை. உன் அப்பா சொன்னதும் எனக்கு முதல் தடவையே விளங்கிவிட்டது. ஆண்டவன் காதைப் பிடுங்கினானே, அதையாவது இதற்குப் பயன்படுத்துவோம் என்று நடித்தேன். அவர் வாடிய முகத்தோடு போனபோது ஒரு பக்கம் பாவமாக இருந்தது, இன்னொரு பக்கம் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. அப்படிப்பட்டவள்தான் உன் அத்தை.

நீ மார்க்கரில் எழுதிய கடிதம் வந்ததும் வேண்டாம் என்றுதான் பதில் எழுதினேன். எழுதி, மடித்து, இசக்கிப்பாண்டி கையில் கொடுத்தும்விட்டேன். அவன் வண்டியைத் திருப்புவதற்குள் பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவன் நினைத்திருப்பான்.

ஏன் வேண்டாம் என்று எழுதினேன் தெரியுமா? உன் மேல் இருக்கிற பாசத்தில் என்று சொன்னால் அது பொய். நீ என் மருமகளாக இருக்கிறவரைக்கும் என் மகன் ராசபாண்டிக்குப் பொண்டாட்டி ஒருத்தி இருக்கிறாள். பொண்டாட்டி இருக்கிறவன் எப்படி இல்லாமல் போவான்? அவன் ஷிப்டுக்குப் போயிருக்கிறான், நீ அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாய், ரெண்டு பேரும் வருவீர்கள் என்று நான்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். நீ இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டால் என் பிள்ளை செத்துப்போனது நிஜமாகிவிடும். அதுதான் எனக்கு ஆகவில்லை. இதை உன்னிடம் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

தீபாவளி அன்று ஊரெல்லாம் வெடி போட்டார்கள். எனக்குச் சத்தம் இல்லை, தரை அதிர்வது மட்டும் காலில் தெரிந்தது. கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டால் அதுவும் இல்லை. அப்போதுதான் நினைத்தேன், சுகிர்தாவுக்குக் காது நன்றாகக் கேட்குமே. அத்தனை வெடிச் சத்தமும் கேட்குமே. அந்தப் பிள்ளை எந்த மூலையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதோ. உன் அப்பாவும் அம்மாவும் இன்னும் எத்தனை தீபாவளிக்கு இருந்துவிடப் போகிறார்கள்? அதற்குப் பிறகு நான் மட்டும் இருப்பேனா? அன்றைக்கு முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முந்தாநாள் ஆமத்தூருக்குப் போனேன். உன் வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இசக்கிப்பாண்டியிடம் கண்டிப்பாகச் சொல்லித்தான் வண்டியில் ஏறினேன். அந்தப் பையனின் அம்மா அருணாதேவி வாசலுக்கு வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். படபடவென்று பேசுகிற ஆள், ஆனால் நல்லவள். முனியராஜ் அப்போதுதான் வேலை முடிந்து வந்து கை கழுவினான். நகக்கண்ணில் நீல மை போகவே இல்லை. எனக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் எல்லோரும் வாயை அகலத் திறந்து கத்துவார்கள். அவன் கத்தவில்லை. எனக்கு நேர் எதிரே தரையில் வந்து உட்கார்ந்து, நான் பார்க்கிறேனா என்று பார்த்து, மெதுவாகக் கேட்டான்.

'சாப்பிட்டீகளா அத்தை?'

அத்தை என்கிற சொல்லை அவன் உதட்டில் பார்த்தேன். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். நம்பவில்லை போல, உள்ளே போய் இட்லி எடுத்துவந்து வைத்தான். நான் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, அவன் அம்மா முன்னால் நின்று சொன்னேன்.

'எங்க வீட்டு மருமக சுகிர்தாவை உங்க வீட்டுக்கு அனுப்பிவைக்கேன். எனக்குச் சம்மதம்.'

என் குரல்தான் எனக்குக் கேட்காதே, எம்புட்டுச் சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. அருணாதேவி திடுக்கிட்டுப்போனாள். எதிர்வீட்டுக்காரர்கள் எழுந்து வாசலுக்கு வந்தார்கள், குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தோடு திரும்பிப் பார்த்தார்கள். நல்லதாகப் போயிற்று. ஆமத்தூரில் ஒருவரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது.

கல்யாணத்துக்கு வரச் சொல்லி அருணாதேவி எவ்வளவோ கேட்டாள். வர மாட்டேன். கோபம் இல்லை தாயி. நீ மணவறையில் உட்கார்ந்திருக்கும்போது நான் எதிரே இருந்தால், நீ அந்தப் பையனைப் பார்க்க மாட்டாய், என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

பின்னி முடித்த உறிகளை இத்துடன் கொடுத்துவிட்டிருக்கிறேன். இனி கயிறு அனுப்ப வேண்டாம். வீரலட்சுமி சாத்தூரில் ஒரு கடையைப் பேசி வைத்திருக்கிறாள், இரண்டு பேரும் சேர்ந்தே பின்னுகிறோம். நான் பட்டினி கிடப்பேன் என்று கவலைப்படாதே.

இன்னொன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். இனிமேல் எனக்குக் கடிதம் எழுதாதே. சனிக்கிழமை ஆனால் விடிந்ததிலிருந்து வாசலில் உட்கார்ந்து அந்த வண்டி வருகிறதா என்று பார்க்கிறேன். கயிற்றுக்காகவா பார்த்தேன்? கடிதத்தின் அடியில் உங்கள் மருமகள் என்று எழுதுவாயே, அதைப் பார்க்கத்தான். இனி நீ அருணாதேவிக்கு மருமகள். அவளை வாய் நிறைய அத்தை என்று கூப்பிட வேண்டும். ஒரு காலை இங்கே வைத்துக்கொண்டு நீ அங்கே போய் வாழ முடியாது. அந்தக் காலை நீயாக எடுக்க மாட்டாய். அதனால் நான் சொல்கிறேன்.

பிள்ளை குட்டி பெற்று நல்லா இரு. அந்தப் பையன் ஏதாவது சொன்னால் தாராளமாகச் சிரி, பிறகு அழாதே. இந்தக் கடிதத்துக்கு மட்டும் பதில் போட்டுவிடாதே. போட்டால் நான் பிரித்துப் படித்துவிடுவேன்.

ஆவுடைத்தாய்